புழுவும் நானும் தின்ற இலை

எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, பொழுது சாய்ந்தால் உலகம் காணாமல் போகத் தொடங்கியது. முதல் பிள்ளை வயிற்றில் நான்கு மாதம். கார்த்திகை, உத்திரமேரூர்ப் பக்கத்தில் சம்பா நடவு முடிந்து களை பறிக்கிற காலம். வேலை முடிந்து பெண்களெல்லாம் வரப்பில் வரிசையாகத் திரும்புவோம். மற்றவர்களுக்கு வெளிச்சம் போதுமானதாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் வரப்பு எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முன்னால் போகிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். "புள்ளத்தாச்சி கொஞ்சிக்கினு வர்றா" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். இரண்டு தடவை சேற்றில் விழுந்த பிறகு கேலியும் நின்றது, சிரிப்பும் நின்றது.

மாலைக்கண் என்று எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஆட்டு ஈரல் என்பதும் தெரியும். என் வீட்டுக்காரர் கூலிக்காசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூருக்கு நடந்து போய் ஈரல் வாங்கிவந்தார். சுடுகிற வாசனைக்கே குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வாரமும் வாங்கிவந்தார், அதுவும் வாசலோடு போயிற்று. முருங்கைக்கீரை தின்னலாம் என்றால், அந்த வருஷ மழைக்கு மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடந்தது. கிட்டப் போனாலே உடம்பு தடித்தது. பிரசவ விடுதியில் நர்சம்மா கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "கேரட் சாப்பிடு" என்றார். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். காஞ்சிபுரத்தில் என்றைக்காவது வரும் என்றார்.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். பிள்ளை ராத்திரியில் பிறந்தால் அதன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தவழ்கிற வயதில் அந்தி நேரத்தில் அடுப்புப் பக்கம் போனால் எனக்கு எப்படித் தெரியும்? அடுப்பு எரிவது தெரிந்தது. அதன் மேல் இருக்கிற சட்டி தெரியவில்லை. சட்டி தெரியாதவளுக்குப் பிள்ளையா தெரியப்போகிறது என்று நினைத்து நினைத்து, அந்த நாட்களில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

அப்போது பிளாக் ஆபீஸிலிருந்து ஒரு கிராம சேவக் சைக்கிளில் வருவார். கல்யாணமாகாத பையன். அவருக்கு எல்லாவற்றின் மேலும் நம்பிக்கை உண்டு. ஐந்தாண்டுத் திட்டத்தை நம்பினார், ரசாயன உரத்தை நம்பினார், எங்களைக்கூட நம்பினார். வீட்டுத் தோட்டம் போடச் சொல்லி வீடு வீடாக விதைப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தவரிடம் நான் கேரட் கேட்டேன். மனுஷர் திகைத்துப்போனார். காலனியில் ஒரு பெண் கேரட் என்று பெயர் சொல்லிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பது அவருக்குத் தெரியாது.

"அது குளிர்ப் பிரதேசத்துக் காயம்மா. ஊட்டியில விளையறது. மார்கழிப் பனியில இங்கேயும் ஓரளவு வரலாம். மண்ணு மட்டும் பொலபொலன்னு இருக்கணும்" என்றார். அடுத்த வாரமே ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு நிலம் என்று ஓரடி கிடையாது. குடிசைக்குப் பின்னால் பாய் நான்கு விரிக்கிற அளவு இடம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆண்டை வீட்டு வேலை முடிந்து வந்த பிறகு செய்யாற்று மணலைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து கொட்டிக் கொத்திக் கலந்தார். நான் விதையைத் தூவினேன். சீரகத்தைவிடச் சின்ன விதை, மேலெல்லாம் மயிர். இதிலிருந்து என் கண் வரவேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் காலை குடத்தோடு போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க எறும்பு. ஒவ்வொரு எறும்பும் ஒரு விதையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, வேலி ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. குடத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் அந்த ஒழுங்கைப் பார்த்ததும் வாய் பிளந்தேன். எங்கள் நடவுக் கூட்டத்தில் இருபது பெண்கள் ஒரு நாளும் அப்படி வரிசை பிடித்ததில்லை.

என்னோடு களை பறிக்க வருகிறவள் ஒருத்தி அந்த நேரத்தில் வேலைக்குக் கூப்பிட வந்தாள். ஊர்க்கோடியில் ஏரிக்கரையோரம் இருந்த இருளர் குடிசைகளைச் சேர்ந்தவள். என் வயதுதான். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வயலில் ஒன்றாகக் குனிந்து வேலை செய்வோம், ஒன்றாக வம்பு பேசுவோம். ஆனால் அவள் குடிசையில் நாங்கள் தண்ணீர் குடித்ததில்லை. எங்களைத் தெருவுக்குள் விடாதவர்களைத் திட்டிக்கொண்டே, நாங்களும் அதைச் செய்தோம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"இன்னாக்கா, வெதைய தூக்கிக்கினு போவுது, நீ குந்திக்கினு வேடிக்க பாக்கிற?" என்றாள்.

"நான் இன்னாடி பண்றது? போனது போனதுதான்."

"எங்க போவும்? அது வூட்டுக்குத்தான் போவும். போயி எடுத்துக்கினு வந்தா முடிஞ்சிது."

அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுப்பது அவர்கள் குடும்பத்து வேலை. எந்த வளையில் நெல் இருக்கும், எதில் வெறும் எலி இருக்கும் என்று மேலேயிருந்து பார்த்தே சொல்வார்கள். அதையே எறும்புக்கும் செய்யலாம் என்று எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. அவளுக்கு அதில் யோசிக்கவே எதுவும் இல்லை. எறும்பு வரிசையோடு நடந்தாள். நொச்சி வேலிக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றி உமி வட்டமாகக் கொட்டிக்கிடந்தது. "உள்ள தின்னுட்டு தோல வெளிய போட்டுகீது பாரு. பெரிய வூட்டுக்காரிங்க" என்றாள். இடுப்பிலிருந்து எலி தோண்டும் இரும்புக் கம்பியை எடுத்து, ஓட்டையை விட்டு ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் மெதுவாகச் செதுக்கினாள்.

அன்று நான் பார்த்ததை இதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பினவர்கள் குறைவு. மண்ணுக்குள் அறை அறையாக இருந்தது. ஒவ்வொன்றும் காலணா அகலம். தரை மெழுகியது போலச் சமமாக இருந்தது. ஓர் அறை முழுக்கப் புல் விதை. இன்னொன்றில் கேழ்வரகு, எந்தக் களத்திலிருந்து கொண்டுவந்ததோ. அதற்கு அடுத்த அறையில், வேறு எதுவும் கலக்காமல், என் கேரட் விதை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டில் அரிசிக்கு ஒரு பானை, உப்புக்கு ஒரு பானை, அவ்வளவுதான் அடுக்கு. இந்த இத்தனூண்டு பூச்சி, வந்து மூன்று நாளான சீமை விதைக்குத் தனியாக ஓர் அறை ஒதுக்கியிருந்தது.

அவள் புடவை முனையில் விதையை வழித்து எடுத்தாள். எல்லாவற்றையும் எடுக்கவில்லை. "கொஞ்சம் வுட்டுட்டுதான் எடுக்கணும். அதுக்கும் புள்ள குட்டி கீது" என்றாள். எலி வளையிலும் அவர்கள் அப்படித்தானாம். பிறகு என்னிடம் ஒரு பிடி நொய் கேட்டு வாங்கி, வளை வாசலில் கொட்டினாள். மறுபடி விதைக்கும்போது எறும்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, வாசலிலேயே வேலை இருக்கும் என்றாள். சாயங்காலம் விஷயம் கேட்ட என் வீட்டுக்காரர், "நமக்கே நொய்க்கஞ்சி. இதுல எறும்புக்கு வேற விருந்தா?" என்றார். ஆனால் முளை கட்டுகிறவரை தினம் ஒரு சிட்டிகை நொய்யை அவரே போய்ப் போட்டார். எறும்பும் அதை எடுத்துக்கொண்டு மரியாதையாக இருந்தது.

எட்டு பத்து நாளில் பாத்தி பச்சையாயிற்று. கொத்தமல்லியா, சதகுப்பையா என்று தெரியாத மெல்லிய இலை. சேவக் வந்து பார்த்து மகிழ்ந்துபோனார். பிறகு, "நெருக்கமா இருக்கு. பாதியைப் பிடுங்கிப் போட்டுடணும்" என்றார்.

பிடுங்குவது சரி. போடுவது எப்படி? பச்சையாக இருக்கிற எதையும் எங்கள் வீடுகளில் தூக்கிப் போட்டதில்லை. வரப்பில் முளைக்கிறதைப் பறித்தே பாதி வருஷம் ஓட்டுகிறவர்கள் நாங்கள். பிடுங்கியதை அலசி, வெங்காயமும் மிளகாயும் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கிக் களியோடு தின்றேன். லேசான கசப்பு, ஒரு பச்சை வாசனை. ஈரலைக் கண்டால் ஓடிய வயிறு இதை அமைதியாக வாங்கிக்கொண்டது. மறுநாளும் தின்றேன். இப்படிச் செய்யலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை சேவக் வந்தபோது, "சார், இலையத் தின்னலாமா?" என்று நைசாகக் கேட்டேன். சிரித்துவிட்டார். "இலையை மாடு திங்கும்மா. கிழங்குதான் நமக்கு. இலையைக் கிள்ளினா கிழங்கு இறங்காது" என்றார். ஏற்கெனவே இரண்டு வாரமாக மாட்டு வேலை பார்த்தவள் என்று எந்த வாயால் சொல்வது?

மார்கழியில் வெட்டுப்புழு வந்தது. காலையில் பார்த்தால் நேற்று நின்ற செடிகள் ஐந்தாறு, கத்தரித்த மாதிரி தரையோடு சாய்ந்து கிடக்கும். தின்றாலாவது பரவாயில்லை. பாதிக்கு மேல் வெட்டிப் போட்டுவிட்டு, கொஞ்சம் கொறித்துவிட்டுப் போயிருக்கும். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இருக்கிறதே நூறு நூற்றைம்பது செடி. பகலில் எங்கே தேடினாலும் ஒரு புழுவும் இல்லை. எறும்பு வளை தோண்டிய என் தோழிதான் வெட்டுண்ட செடியின் அடியில் மண்ணைக் கூர்ந்து பார்த்தாள். எனக்கு எல்லாம் ஒரே மண்ணாகத் தெரிந்தது. அவள் ஒரு இடத்தில் விரலை விட்டு, சுருண்டு கிடந்த சாம்பல் நிறப் புழுவை வெளியே எடுத்து வைத்தாள். "பகல்ல தூங்கும்க்கா. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு எழுந்து வரும்" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரம். என் கண் மூடுகிற நேரத்தில் அது கண் திறக்கிறது. என் கண்ணுக்காக வைத்த செடியை, எனக்குக் கண் தெரியாத நேரமாகப் பார்த்து வந்து வெட்டுகிறது. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த சதி மாதிரி இருந்தது.

சேவக் ஒரு டப்பாவில் பூச்சிப்பவுடர் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் குடிசையெல்லாம் நெடி. "ஒரு தடவை தூவுங்க. மறுநாள் ஒரு புழு இருக்காது" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆண்டை நிலத்தில் அதைத் தூவி, பூச்சி செத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் தோழி அந்த டப்பாவைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றாள். "அந்த மாவு போட்ட கொல்லையில எலி புடிச்சா நாங்க தின்ன மாட்டோம். போன வருசம் தின்னுட்டு எங்காளுங்க வாயில நொர தள்ளினாங்க" என்றாள்.

அன்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "உனுக்குப் புழு முக்கியமா, கண்ணு முக்கியமா? இன்னாமே பேஜாரு பண்ற, பவுடரத் தூவினா தீந்துது" என்றார் என் வீட்டுக்காரர்.

"தூவிட்டு அந்த எலைய நான் எப்பிடிய்யா தின்றது? வவுத்துல புள்ள கீதே."

"எலைய ஏன் திங்கற? கெழங்குக்குத்தான நட்டோம்!"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் வயிறு அந்தக் கீரையைக் கேட்டது, அதற்குமேல் காரணம் கிடையாது. கிழங்கு வர இன்னும் இரண்டு மாதம். அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு பவுடர் போட்டுக் காப்பாற்றினால் முழு விளைச்சல் கிடைக்கும். பவுடர் போடாவிட்டால் புழு முந்துமோ கிழங்கு முந்துமோ தெரியாது. நான் பிடிவாதக்காரி. டப்பாவைக் கூரையில் செருகிவிட்டு, "எனக்குக் கண்ணுதான் இல்ல, கை கீது" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். தினம் பொழுது சாய்ந்ததும் பாத்தி ஓரத்தில் போய் உட்காருவேன். வேலிவரை வழி மனப்பாடம். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் செடி செடியாகத் தடவிக்கொண்டு போவேன். முதல் இரண்டு நாள் மண்கட்டியை எல்லாம் புழு என்று பிடித்தேன். மூன்றாம் நாளிலிருந்து விரலுக்குப் பழகிவிட்டது. காம்பு குளிர்ந்து நாராக இருக்கும். புழு அதைவிடக் குளிர்ந்து, வழுவழுவென்று, தொட்டதும் சுருளும். பிடித்துக் கொட்டாங்குச்சியில் போட்டு மூடிவைத்தால் காலையில் கோழிக்கு நாஷ்டா. பனி இறங்குவதை, இலைகள் அசைவதை, வயிற்றுக்குள் பிள்ளை புரள்வதை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றாக உணர்ந்திருக்கிறேன். கண் தெரிந்த காலத்தில் மண்ணின் மேல் இவ்வளவு நடக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பயந்துகொண்டு போய் உட்கார்ந்தவள், சில நாளில் அந்த நேரம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

எவ்வளவு பிடித்தாலும் நாலைந்து தப்பிவிடும். காலையில் நாலைந்து செடி சாய்ந்து கிடக்கும். அதையெல்லாம் பொறுக்கி, அலசி, வதக்கித் தின்றேன். புழு தின்ற மிச்சம் என்று நான் அருவருக்கவில்லை. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. இந்தப் புழு எனக்குச் செய்வது கெடுதலா, சமையலா? அது வெட்டாவிட்டால், கிழங்கு இறங்கட்டும் என்று நான் ஒரு இலையைக் கிள்ளியிருக்க மாட்டேன்.

கிழங்கின் கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மாசியில் பிடுங்கினோம். நூற்றைம்பதில் நாற்பது தேறியது. சுண்டுவிரல் தடிமன், சிலது இரண்டு கால் முளைத்து மனுஷன் மாதிரி இருந்தது. சேவக்குக்கு ஒரு பிடி கொடுத்தேன். அவர் அதைத் தாளில் சுற்றி ஆபீஸில் காட்ட எடுத்துப்போனார். என் தோழி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்காக்கா இவ்ளோ பாடு? தித்திப்பு முள்ளங்கி" என்று மூஞ்சியைச் சுளித்தாள். ஆனால் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனாள். ரொம்ப வருஷம் கழித்து, வேறொரு நர்சம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கண்ணுக்கு வேண்டியது அந்த இலையிலும் உண்டு என்றார் அவர். நாங்கள் அப்போது கண்டோமா என்ன?

தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம். என் வீட்டுக்காரர் சீக்கிரமே வந்து உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கி வெகு நேரமாகிவிட்டது. நிலா இல்லை. வழக்கம்போல நான் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தேன். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது வரிசையில் கையை நீட்டினேன், நடுச்செடியில் இருந்த புழுவைப் பிடிக்க. நீட்டிய கை பாதியில் நின்றது. நான் இன்னும் எதையும் தொடவில்லை. அங்கே புழு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

குனிந்தேன். அது இலைக்காம்பை முன்கால்களால் பிடித்துக்கொண்டு, தலையை மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக ஆட்டி ஆட்டித் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இலை ஒரு நூல் குறைந்தது. சாம்பல் உடம்பில் பக்கவாட்டில் ஒரு கோடு. இத்தனை நாள் விரலால் பிடித்துக் கோழிக்குப் போட்டதை, அது உயிரோடு சாப்பிடுகிறபோது முதல்முறையாகப் பார்க்கிறேன். என்ன பசி, என்ன நிதானம்! கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். அதைவிட அழகான எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை. இன்றுவரையிலும் அப்படித்தான் சொல்வேன்.

"இன்னாமே, இருட்ல குந்திக்கினு? சத்தமே காணோம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"புழு தின்னுக்கினு கீதுய்யா. பாத்துக்கினு கீறேன்."

உள்ளே ஏதோ உருண்டது. அவர் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்புத் தீயைப் பார்த்த கண், சட்டென்று இருட்டுக்குப் பழகவில்லை. "எங்க?" என்றார். இதோ என்று காட்டினேன். "எங்கமே?" என்று பாத்தியோடு முகத்தை வைத்துத் தேடினார். அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் விரலைப் பிடித்து, இரண்டாவது வரிசை நடுச்செடிக்குக் கொண்டுபோய், புழுவின் முதுகில் மெதுவாக வைத்தேன். அது சுருண்டது.

"கீதுமே," என்றார். "கீது." அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.